ஜீப்ராமீன் கருவளர்ச்சியும் மரபணுக் கட்டுப்பாடும்: செட்டிநாட்டு மாணவர்களுக்கான கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கிறவர்கள், அவர்களுடைய ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தண்ணீர், வெப்பம், ஊசி பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். இந்தத் துறையில் பல ஆய்வுகள் கெட்டுப்போவது அங்கேதான்.

எலி, சுண்டெலி எல்லாம் இருக்கும்போது இந்தச் சின்ன மீன் எதற்கு?

ஜீப்ராமீன் நம் துணைக்கண்டத்து மீன். கங்கைப் படுகையின் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் இதை முதன்முதலாக விவரித்தார். வளர்ந்த மீன் நான்கு சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். முட்டை சுமார் 0.7 மில்லிமீட்டர். தாயின் உடலுக்கு வெளியே கருவுற்று வளர்கிறது, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. கருவுற்ற 45 நிமிடத்தில் முதல் பிளவு நடக்கிறது. 24 மணி நேரத்தில் கண், மூளை, முதுகெலும்புத் தண்டு எல்லாம் தெரியும், இதயம் துடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் முட்டையிலிருந்து குஞ்சு வெளிவந்துவிடும். சுண்டெலியில் இதையெல்லாம் பார்க்கத் தாயைக் கொல்ல வேண்டும். இங்கே ஒரே கருவை உயிரோடு வைத்துக்கொண்டே மணிக்கணக்காகப் பார்க்கலாம்.

ஒரு நல்ல பெண் மீன் ஒரு முறைக்கு நூறு, இருநூறு முட்டை இடும். மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். 2013-இல் வெளியான முழு மரபணுத் தொகுதியில் 26,000-க்கும் மேற்பட்ட புரத மரபணுக்கள் உள்ளன. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதில் இணை உண்டு. குறையும் உண்டு. நுரையீரல், நஞ்சுக்கொடி போன்றவற்றை இதில் ஆராய முடியாது. இன்றைய எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்ததால், நம்மிடம் ஒன்றாக இருக்கும் மரபணு பல இடங்களில் இங்கே இரண்டாக இருக்கிறது. ஒன்றை மட்டும் அழித்தால் மற்றது ஈடுகட்டிவிடலாம்.

மரபணுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் எதைத் தேடுகிறார்?

கண் செல்லிலும் தசைச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. எந்த மரபணு, எந்தச் செல்லில், எந்த நேரத்தில், எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது என்பதே கேள்வி.

ஜீப்ராமீனில் இந்தக் கேள்வி முதல் மூன்று மணி நேரத்திலேயே கண்முன் வந்துவிடுகிறது. தொடக்கத்தில் கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தாய் முட்டைக்குள் வைத்த ஆர்.என்.ஏ.வும் புரதமும்தான் வேலை பார்க்கும். செல்கள் ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிளந்து, ஆயிரம் செல் நிலையை ஒட்டிக் கருவின் மரபணுக்கள் பெருமளவில் விழித்துக்கொள்கின்றன. இதைத் தொடங்கி வைப்பதில் நானோக், பௌ5எஃப்3, சாக்ஸ்19பி என்ற மூன்று படியெடுப்புக் காரணிகளுக்கு, அதாவது மரபணுக்களை இயக்கும் புரதங்களுக்கு, பெரிய பங்கு உண்டு. புதிதாக உருவாகும் மிர்-430 என்ற நுண் ஆர்.என்.ஏ. தாயின் பழைய ஆர்.என்.ஏ.க்களைக் கழித்துக்கட்டுகிறது.

பிற்பாடு உறுப்புகள் உருவாகும்போது என்ஹான்ஸர்கள், அதாவது ஒரு மரபணுவை எங்கே, எப்போது இயக்குவது என்று சொல்லும் டி.என்.ஏ. துண்டுகள், முக்கியமாகின்றன. இவை மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியதில்லை. மனிதரில் கைகால் வளர்ச்சியில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை இயக்கும் என்ஹான்ஸர், அதிலிருந்து சுமார் பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரே எழுத்து மாறினாலும் கூடுதல் விரல் முளைக்கலாம்.

இந்தத் துறையில் ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சி வாழ்க்கை எப்படி நகரும்?

நேர்கோட்டில் நகர்வது அரிது. ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் பெயர் எடுத்தவர். அதை விட்டுவிட்டு அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜீப்ராமீனுக்கு வந்தார். ஒரே மரபணு அமைப்புள்ள மீன்களை உருவாக்கும் முறையை 1981-இல் வெளியிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் மீனை வளர்ப்பது, இனப்பெருக்கம் செய்ய வைப்பது, மாறுபாடுகளைக் கண்டறிவது என்று அடிப்படையைக் கட்டினார். 1984-இல் இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கிம்மெல் குழு 1995-இல் வெளியிட்ட வளர்ச்சிப் படிநிலை அட்டவணையைத்தான் இன்றும் எல்லா ஆய்வகமும் பயன்படுத்துகிறது.

கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் பழ ஈயில் செய்த பணிக்காக 1995-இல் நோபல் பரிசு பெற்றார். அப்போதே அவர் ஜெர்மனியின் டியூபிங்கனில் ஜீப்ராமீன் மாறுபாடுகளைப் பெரிய அளவில் தேடிக்கொண்டிருந்தார். பாஸ்டனில் வொல்ஃப்காங் ட்ரீவர் தலைமையில் இன்னொரு தேடல் நடந்தது. இரண்டின் முடிவுகளும் 1996 டிசம்பரில் ஒரே ஆய்விதழின் தனி இதழாக வந்தன. அந்த மீன் வரிசைகளை (ஒரே மாறுபாட்டோடு தலைமுறையாக வளர்க்கும் பரம்பரைகளை) எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மரபணுவாக ஆராய்ந்தது அடுத்த தலைமுறை. இன்றைய தலைமுறை அந்த மரபணுக்களை இயக்குவது எது என்று கேட்கிறது.

எத்தனை வருடம் ஆகும்? அதுவரை சம்பளம் உண்டா?

இளநிலை 3, முதுநிலை 2, முனைவர் பட்டம் 5 முதல் 6, அதன்பின் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு 3 முதல் 5 ஆண்டு. சொந்த ஆய்வகம் கிடைக்கும்போது வயது முப்பதுகளின் நடுவில் இருக்கும். பெற்றோரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய். ஊருக்கேற்ற வீட்டு வாடகைப்படி தனி. பெரும் சம்பளம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து பணம் வாங்காமல் படிக்கலாம்.

காரைக்குடியிலிருந்து எந்த வழியில் போகலாம்?

ஊரிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நேரு 1948-இல் அடிக்கல் நாட்டியது. அதன் வேலை மின்வேதியியல், மீன் கருவளர்ச்சி அல்ல. அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித்தொழில்நுட்பத்தையும் உயிர்த்தகவலியலையும் நன்றாகப் படிக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகளும் பக்கம்தான்.

ஜீப்ராமீன் ஆய்வு நடக்கும் பெரிய இடங்கள் வெளியூரில் இருக்கின்றன: ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி., டெல்லியில் ஐ.ஜி.ஐ.பி., மும்பையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், பெங்களூருவில் என்.சி.பி.எஸ்., புனேயில் அகர்கர் ஆய்வு நிறுவனம். டாடா நிறுவனத்துக்கும் என்.சி.பி.எஸ்.ஸுக்கும் ஜே.ஜி.ஈ.ஈ.பி.ஐ.எல்.எஸ். என்ற பொது நுழைவுத் தேர்வு உண்டு. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு இளநிலை மாணவர்களே விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தால், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். நெட் மதிப்பெண்ணை விட இந்த அனுபவத்தை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

எங்கள் கல்லூரியில் சிறிய மீன் அறை வைக்க விரும்புகிறோம். எங்கள் பக்கத்துத் தண்ணீர் சரிப்படுமா?

அளக்காமல் சொல்ல முடியாது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிக்கும். பக்கத்துத் தெரு போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். நாக்கு சொல்வதை நம்பி மீனை விடாதீர்கள். மின்கடத்துத்திறன், பி.எச்., கடினத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட் ஐந்தையும் அளந்து எழுதுங்கள். மழைக்குப் பின்னும் சித்திரையிலும் மறுபடி அளங்கள். ஒரே போர்க் கிணறு இரண்டு பருவத்தில் இரண்டு மாதிரி இருக்கும்.

நிரந்தர வழி ஆர்.ஓ. தண்ணீர்தான். அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. உப்பு இல்லாத நீரில் மீன் தவிக்கும், முட்டையும் கெடும். லிட்டருக்கு சுமார் கால் கிராம் கடல் உப்புக் கலவை சேர்த்தால் மின்கடத்துத்திறன் 500 மைக்ரோசீமன்ஸ் அளவுக்கு வரும். சமையல் உப்பு வேண்டாம். பி.எச். 7.2-க்கும் 7.5-க்கும் இடையில் நிற்கும்வரை சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தினமும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். நகராட்சிக் குழாய் நீராக இருந்தால் குளோரினைத் தயோசல்ஃபேட் போட்டு நீக்கிய பிறகே தொட்டிக்குள் விட வேண்டும்.

பி.எச். விஷயத்தில் இவ்வளவு கறார் ஏன்? 28 டிகிரியில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே நீர் பி.எச். 8 ஆனால் ஆறு சதவீதத்தைத் தாண்டும். நேற்றுவரை நன்றாக நீந்திய மீன்கள் திடீரென்று மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

புது வடிகட்டியில் நைட்ரஜன் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். திறப்பு விழா தேதிக்காக அவசரப்பட்டு முதல் வாரமே நூறு மீனை விட்டால் பாதி போய்விடும். லிட்டருக்கு ஐந்து மீனுக்கு மேல் வேண்டாம்.

சித்திரை வெயிலில் என்ன செய்வது?

மீன் அறைக்கு ஏ.சி. கட்டாயம். தண்ணீர் 28.5 டிகிரியில் நிற்க வேண்டும். மின்வெட்டில் முதலில் காப்பாற்ற வேண்டியது ஏ.சி.யை அல்ல, காற்றுப் பம்ப்பைத்தான். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும் என்பதால் பம்ப்பை இன்வெர்ட்டரோடு இணைத்துவிடுங்கள். மார்கழி இரவுக்கு தெர்மோஸ்டாட் வைத்த ஹீட்டர் வேண்டும்.

மீன் பிழைத்தாலும் ஆய்வு பிழைக்காமல் போகலாம். வெப்பம் கருவின் வளர்ச்சி வேகத்தையே மாற்றிவிடும். கிம்மெல் அட்டவணையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலையை 0.055-ஆல் பெருக்கி 0.57-ஐக் கழியுங்கள். வரும் எண்ணால், 28.5 டிகிரிக்குச் சொல்லப்பட்ட நேரத்தை வகுங்கள். 25 டிகிரியில் 24 மணி நேர நிலையை அடைய ஏறக்குறைய 30 மணி ஆகும். 33 டிகிரியில் 19 மணி நேரத்திலேயே அந்த நிலை வந்துவிடும். இன்குபேட்டர் இல்லாத அறையில் மேசைமேல் வைத்த கருவைக் கடிகாரம் பார்த்து "24 மணி நேரக் கரு" என்று எழுதினால் அது பொய்த் தகவல். தசைத் துண்டங்களின் எண்ணிக்கை, கண்ணின் நிறம், வாலின் நீளம் ஆகியவற்றைப் பார்த்துப் படிநிலையை எழுதுங்கள். மரபணுக் கட்டுப்பாட்டில் இரண்டு மணி நேர வித்தியாசம் முழு முடிவையும் புரட்டிவிடும்.

மீன் முட்டையே இடவில்லை. இட்டாலும் வெள்ளையாகிவிடுகிறது. ஏன்?

முட்டை இடாததற்கு முதல் காரணம் வெளிச்சம். 14 மணி நேரம் ஒளி, 10 மணி நேரம் முழு இருட்டு வேண்டும். கதவிடுக்கில் வரும் வராந்தா விளக்கின் கீற்றே போதும், மீன் குழம்பிவிடும். மாலையில் ஆணையும் பெண்ணையும் இனப்பெருக்கத் தொட்டியில் நடுவே தடுப்பு வைத்துப் பிரித்து விடுங்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுங்கள். அடியில் சல்லடை இருக்க வேண்டும், இல்லையென்றால் இட்ட முட்டையை மீனே தின்றுவிடும். வாரம் ஒருமுறைக்கு மேல் ஒரே ஜோடியை வைக்காதீர்கள். வயது ஒன்றரை ஆண்டைத் தாண்டிய மீன்களிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

வெள்ளையாக, ஒளி புகாமல் ஆனவை இறந்த முட்டைகள். அன்று மாலைக்குள் பொறுக்கி எறியாவிட்டால் பூஞ்சை பிடித்து மற்றவையும் போகும். ஒரு பெட்ரித் தட்டில் ஐம்பது, அறுபது கருதான் இருக்க வேண்டும். கருவுக்கான ஈ3 கரைசலை 60 மடங்கு அடர்த்தியில் 2 லிட்டர் செய்ய: சோடியம் குளோரைடு 34.8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.6 கிராம், இரு நீர் கால்சியம் குளோரைடு 5.8 கிராம், ஏழு நீர் மெக்னீசியம் சல்ஃபேட் 9.8 கிராம். பி.எச். 7.2. நீர் மூலக்கூறு எத்தனை என்று பாட்டில் லேபிளைப் பார்த்து எடை போடுங்கள். நீரற்ற உப்பை இதே எடைக்குப் போட்டால் அளவு தவறிவிடும். பூஞ்சைக்கு, நீர்த்த ஈ3 லிட்டருக்கு 1 சதவீத மெத்திலீன் ப்ளூ 100 மைக்ரோலிட்டர் சேர்க்கலாம். ஒளிரும் புரதம் பார்க்கப் போகும் கருக்களுக்கு அது வேண்டாம்.

ஐந்தாம், ஆறாம் நாள் மஞ்சள் கரு தீர்ந்துவிடும். அதற்குள் பாரமீசியமோ ரோட்டிஃபரோ கிடைக்காத குஞ்சுகள் ஏழாம் நாளிலிருந்து வரிசையாகச் சாகும். ஆர்ட்டீமியா அப்போது அவற்றின் வாய்க்குப் பெரிது.

கருவுக்குள் ஊசி போடுவதில் என்ன தவறு நடக்கிறது?

மரபணுவை மாற்றும் கரைசலை ஒரு செல் நிலையிலேயே போட வேண்டும். முட்டை எடுத்ததிலிருந்து உங்களுக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஊசியை இழுப்பது, கரைசலைக் கலப்பது, அகரோஸ் அச்சு செய்வது எல்லாம் தடுப்பை எடுப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். சொட்டின் அளவை மினரல் எண்ணெயில் விட்டு, அளவுகோல் பொறித்த ஸ்லைடில் பாருங்கள். விட்டம் 0.12 மில்லிமீட்டர் இருந்தால் அது சுமார் 1 நானோலிட்டர். விட்டம் கால் பங்கு கூடினாலே கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கைப்பழக்கத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

ஊசி போடாத கருக்கள் முப்பது, நாற்பதைத் தனித் தட்டில் எப்போதும் வையுங்கள். அவையே ஐந்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் அந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள், அதிலிருந்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் வேலை செய்ததா என்று பார்க்க, அடுத்த நாள் எட்டுக் கருவைத் தனித்தனியே 50 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 95 டிகிரியில் பத்து இருபது நிமிடம் சூடாக்குங்கள். பத்தில் ஒரு பங்கு டிரிஸ் சேர்த்து நடுநிலையாக்கிப் பி.சி.ஆர். செய்யுங்கள். வெட்டு விழவில்லை என்று தெரிந்தால் அன்றே நிறுத்திவிடலாம். பார்க்காமல் வளர்த்தால் மூன்று மாதம் வீண்.

ஒரு டி.என்.ஏ. துண்டு என்ஹான்ஸர்தான் என்று எப்படி நிரூபிப்பது?

டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த சுருளான குரோமாட்டின் திறந்திருக்கும் இடங்களை, அவற்றைக் காட்டும் அட்டாக்-சீக் தரவில் பார்த்து, சில நூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு எழுத்து நீளமுள்ள துண்டைத் தேர்ந்தெடுங்கள். அதை, தனியாக மரபணுவை இயக்காத சிற்றளவு ப்ரோமோட்டரும் பச்சை ஒளிர்புரத மரபணுவும் உள்ள டோல்2 பிளாஸ்மிடில் (மரபணுத் தொகுதிக்குள் தாவி ஒட்டும் துண்டைக் கொண்ட வட்ட டி.என்.ஏ.) சேருங்கள். பிளாஸ்மிட் 25 பைகோகிராம், அதை ஒட்டவைக்கும் நொதியான டிரான்ஸ்போசேஸின் ஆர்.என்.ஏ. 25 பைகோகிராம் என்று ஒரு செல் கருவுக்குள் போட்டு, 24, 48 மணி நேரத்தில் பாருங்கள்.

முதல் தலைமுறையில் ஒளி திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதைப் படம் எடுத்துக் கட்டுரை எழுதிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எழுதாதீர்கள். டோல்2 மரபணுத் தொகுதியில் எங்கே போய் ஒட்டும் என்பது நம் கையில் இல்லை, பக்கத்து என்ஹான்ஸர் உங்கள் துண்டின் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். தனித்தனிப் பெற்றோரிடமிருந்து குறைந்தது மூன்று நிலையான வரிசைகளை வளர்த்து, மூன்றிலும் ஒரே திசுவில் ஒளி வந்தால்தான் சொல்லலாம். துண்டு சேர்க்காத வெற்றுப் பிளாஸ்மிடையும் கூடவே போட வேண்டும். மஞ்சள் கருவுக்குத் தானாகவே ஒளிரும் குணம் உண்டு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்த படி, அதே துண்டை இரண்டு வழிகாட்டி ஆர்.என்.ஏ. கொண்டு மீனிலிருந்தே வெட்டி எடுப்பது. பலமுறை மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே மரபணுவுக்கு ஒரே வேலை செய்யும் என்ஹான்ஸர்கள் பல இருப்பதே காரணம். அப்போது உருவத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் மரபணுவின் ஆர்.என்.ஏ. அளவையும் அளந்து பாருங்கள்.

மார்ஃபோலினோவில் ஊனம் தெரிகிறது, கிரிஸ்பர் மீன் நன்றாக இருக்கிறது. எது உண்மை?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மரபணுவை அழிக்காமல் அதன் ஆர்.என்.ஏ.வை மட்டும் தடுக்கும் செயற்கை மூலக்கூறான மார்ஃபோலினோ, சில சமயம் செல்லைச் சாகவைக்கும் பி53 வழியைத் தூண்டித் தொடர்பில்லாமல் செல்களைக் கொல்லும். அப்படியானால் ஊனம் போலி. மறுபுறம், டிடியர் ஸ்டெய்னியர் குழு 2015-இலும் 2019-இலும் காட்டியபடி, மரபணு அழிந்த மீனில் சிதையும் ஆர்.என்.ஏ.வே ஒத்த மரபணுக்களைக் கூடுதலாக இயக்கி ஈடுகட்டலாம். சோதிக்க ஒரு நேர்வழி உண்டு: அந்த மார்ஃபோலினோவை மரபணு அழிந்த மீனின் கருவிலேயே போடுங்கள். இலக்கே இல்லாத கருவிலும் ஊனம் வந்தால் அது மார்ஃபோலினோவின் பக்கவிளைவு.

"மீனைக் கொன்றுதான் படிக்கணுமாப்பா?" என்று வீட்டில் ஆச்சி கேட்கிறார்கள். என்ன சொல்வது?

மறைக்காமல் சொல்லுங்கள். "ஆமாம் ஆச்சி, சிலது சாகும். ஆனா காரணம் இல்லாம, அனுமதி இல்லாம ஒண்ணைக்கூடத் தொட முடியாது." இந்தியாவில் விலங்கு ஆய்வை சி.சி.எஸ்.இ.ஏ. என்ற மத்திய அரசுக் குழு கண்காணிக்கிறது. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம், எத்தனை மீன், எதற்கு, வேறு வழி ஏன் இல்லை என்று எழுதி அனுமதி வாங்க வேண்டும். வேற்று மரபணு சேர்த்த மீனுக்கு உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வேண்டும். வளர்ந்த மீனின் துடுப்பில் துணுக்கு வெட்டுவதற்குக்கூட டிரைக்கேய்ன் மயக்கம் கொடுக்க வேண்டும், லிட்டருக்கு சுமார் 160 மில்லிகிராம். அந்தத் துடுப்பு மறுபடி வளர்ந்துவிடும். கடையில் விற்கும் ஒளிரும் நிற மீன்கள் மரபணு மாற்றப்பட்டவை. அவற்றைக் கல்லூரித் தொட்டியில் விடாதீர்கள், ஊருணியில் ஒருபோதும் விடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தேன். ஆய்வகமும் இல்லை. இப்போதே என்ன செய்யலாம்?

கணினியும் இணையமும் இருந்தால் மரபணுக் கட்டுப்பாட்டின் ஒரு பாதியை வீட்டிலிருந்தே கற்கலாம். ஜீப்ராமீன் தரவுத்தளமான ஜிஃபின் இலவசம். மரபணுத் தொகுதித் தளமான என்செம்பிளும் இலவசம். ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு, அது எந்த நேரத்தில் எந்தத் திசுவில் வெளிப்படுகிறது, இரட்டை உண்டா, மனித இணை எது, சுற்றிலும் திறந்த குரோமாட்டின் எங்கே என்று ஒரு பக்கம் தமிழிலேயே எழுதுங்கள். பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆர் மொழியோ பைத்தானோ ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் ஆய்வகத்தில் ஓராண்டில் வந்துவிடும். சிந்தனையை எழுத்தில் ஒழுங்காக வைக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது, அதை இப்போதே தொடங்குங்கள்.

வேறு ஆய்வகத்திலிருந்து மீன் வரிசையை வரவழைப்பது எப்படி?

வளர்ந்த மீனாக வாங்காதீர்கள், நோயும் கூடவே வரும். ஒரு நாள் வயதுக் கருவை நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் கழுவிக் கொடுக்கச் சொல்லுங்கள். திசு வளர்ப்புக் குடுவையில் ஈ3 ஊற்றி, நூறு கருவுக்கு மேல் போடாமல், தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். சென்னையிலிருந்து வருவதானால் கூரியரில் போடுவதைவிட ஒருவர் பல்லவன் எக்ஸ்பிரஸில் கையோடு கொண்டுவருவது மேல். பெட்டி வெயிலில் நிற்காது. வந்ததும் குடுவையைத் திறக்காமல் இன்குபேட்டரில் அரை மணி வைத்து, பிறகு இறந்தவற்றை நீக்கிப் புது ஈ3-க்கு மாற்றுங்கள். அந்த மீன்கள் வளர்ந்து முட்டையிடும்வரை தனித் தொட்டி, தனி வலை. அவற்றின் கழுவிய முட்டைகள் மட்டுமே பொது அறைக்குள் போக வேண்டும்.